காரூரா முதல் கலன்கோளம் வரை: சிறுநீரகம் அறியப்பட்ட வரலாறு

மருத்துவ வரலாறு பற்றி நம்மிடையே எழுதப்படுவனவற்றில் இரண்டு வழக்கங்கள் வேரூன்றியுள்ளன. ஒன்று, ஐரோப்பிய நூல்களை அப்படியே அடியொற்றி எழுதுவது. அதில் கிரேக்க வைத்தியர் கேலன் இரண்டாம் நூற்றாண்டில் பேசி முடிப்பார். அடுத்த பந்தியிலேயே பதினேழாம் நூற்றாண்டு இத்தாலி வந்துவிடும். இடையில் கிடந்த ஆயிரத்து நானூறு வருடங்களில் எவருக்கும் நோய் வரவில்லை, எவரும் வைத்தியம் பார்க்கவில்லை என்பது போலிருக்கும். மற்றது, விழா மேடைகளில் நாம் கேட்டுப் பழகியது. அதில் எல்லாவற்றையும் இப்னு சீனாவே கண்டுபிடித்து முடித்திருப்பார். ஐரோப்பியர் செய்ததெல்லாம் பெயர் மாற்றி எழுதியது மட்டுமே. இவ்விரு கதைகளையும் உரசிப் பார்ப்பதற்குச் சிறுநீரகத்தைப் போல் வாய்ப்பான உறுப்பு வேறில்லை. ஏனெனில் அது வெளியேற்றும் நீரை எல்லாக் காலத்து வைத்தியரும் பார்த்தார்கள். அது எப்படி அந்நீரை உண்டாக்குகிறது என்பதை மட்டும் மிகப் பிந்தியே அறிந்தார்கள்.

நம் பேச்சில் அதற்குக் குண்டிக்காய் என்று பெயர். இறைச்சிக் கடையில் ஆட்டின் குண்டிக்காயை வாங்கிக் குறுக்கே வெட்டிய எவருக்கும் அதன் அமைப்பு தெரியும். வெளியே செங்கபில நிறத்தில் ஒரு பட்டை, உள்ளே வரிவரியாகக் கோடுகள், நடுவில் வெண்மையான ஒரு குழி. இதைக் கண்ணால் கண்ட முன்னோர் அது என்ன செய்கிறது என்று கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அரிஸ்டோட்டில் கேட்டார். ஆனால், உடலுக்கு அது கட்டாயமானதன்று, இருந்தால் நல்லது என்ற வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்தார். பேரறிஞர்கள் தவறு செய்யும்போது அத்தவறு நீண்ட காலம் வாழும். அரிஸ்டோட்டிலின் இக்கருத்தும் அப்படித்தான் வாழ்ந்தது.

கி.பி. 129இல் இன்றைய துருக்கியிலுள்ள பேர்கமம் நகரில் பிறந்த கேலனின் காலத்தில் இது குறித்துப் பெரும் வாதம் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு முன் உரோமாபுரியில் புகழ்பெற்றிருந்த அஸ்கிளெப்பியாடெஸ் என்பவர், நாம் குடிக்கும் நீர் ஆவியாகி உடலெங்கும் ஊடுருவிச் சலப்பையில் மீண்டும் நீராக உறைகிறது என்று போதித்திருந்தார். அப்படியானால் சிறுநீரகங்களுக்கும் அவற்றிலிருந்து சலப்பைக்குச் செல்லும் இரு குழாய்களுக்கும் வேலையே இல்லை. கல்லடைப்பு நோயாளியைப் பார்த்த எந்தக் கசாப்புக் கடைக்காரனும் இதை நம்பமாட்டான் என்று கேலன் எரிந்து விழுகிறார். அவருடைய எழுத்தில் எதிராளிகளைத் திட்டுவதற்குக் குறைவிருக்காது. ஆனால் திட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை.

உயிருள்ள விலங்கொன்றின் வயிற்றைத் திறந்து, இரு சிறுநீர்க்கான்களையும் நூலால் கட்டினார். சிறிது நேரத்தில் கட்டுக்கு மேலே குழாய்கள் வெடித்துவிடும் அளவுக்குப் புடைத்தன. சலப்பை வெறுமையாகவே கிடந்தது. கட்டை அவிழ்த்ததும் சலப்பை நிரம்பியது. பின்னர் ஒரு பக்கத்தை மட்டும் கட்டிக் காட்டினார். கட்டிய பக்கம் வீங்கியது. கட்டாத பக்கத்தால் நீர் இறங்கியது. நிரம்பிய சலப்பையை அழுத்தினாலும் நீர் மேலே திரும்பிச் செல்லாது என்பதையும் காட்டினார். சிறுநீர் சிறுநீரகத்தில்தான் உண்டாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இன்றுவரை எழுதப்பட்டதில்லை. இன்றைய பரீட்சை வினாத்தாளிலும் இச்சோதனையை அப்படியே வைக்கலாம்.

சிறுநீர் என்பது சிறுநீரகம் தன் உணவை உண்டபின் எஞ்சும் கழிவே என்று வாதித்த லைக்கஸ் என்பவருக்கும் அவர் பதில் சொன்னார். அந்தப் பதில் வெறும் கணக்கு. ஒரு மனிதன் நிறையக் குடித்தால் ஏறத்தாழ அந்த அளவே கழிக்கிறான். கையளவு இறைச்சித் துண்டு இரண்டின் எச்சில் அவ்வளவு இருக்க முடியுமா? ஆயினும் அதே கேலன், வலது சிறுநீரகம் இடதைவிட உயரத்தில் இருக்கிறது என்று விலங்குகளைப் பார்த்து எழுதி வைத்தார். மனிதனில் பெரும்பாலும் இடதே சற்று உயரம். அவருடைய சோதனையை மறந்தவர்கள்கூட இந்தப் பிழையை நூற்றாண்டுகளாக மனனம் செய்தார்கள்.

கேலனின் நூல்களில் பெரும்பகுதி உலகுக்கு மிஞ்சியதற்கு ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாத் முக்கிய காரணம். கி.பி. 873இல் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், நெஸ்தோரியக் கிறிஸ்தவர், அந்நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தார். கேலனின் 129 நூல்களைப் பற்றி அவர் எழுதிய பட்டியல், எந்தக் கையெழுத்துப் பிரதி எங்கே கிடைத்தது, எதை யார் முன்பு பிழையாக மொழிபெயர்த்தார் என்றெல்லாம் சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் படித்துப் பார்க்க வேண்டிய ஆவணம் அது. ஜாலீனூஸ் என்ற பெயரில் கேலன் அரபு மொழிக்குள் வந்தது இவ்வாறுதான். அடுத்த தலைமுறையில் அல்-ராஸி, சிறுநீரகத்திலும் சலப்பையிலும் உண்டாகும் கற்களுக்கென்றே தனி நூல் எழுதினார். கைரவானில் வாழ்ந்த யூத வைத்தியர் இஸ்ஹாக் அல்-இஸ்ராயீலி சிறுநீர் பற்றி எழுதிய நூல், பதினோராம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் போய் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாயிற்று. அந்தலூசியாவில் அஸ்-ஸஹ்ராவி சலப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையையும், சிறுநீர் வழியில் சிக்கிய கல்லைத் துளைத்து உடைக்கும் நுண்ணிய கருவியையும் விவரித்தார். முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் என மூவரும் ஒரே மொழியில் எழுதிய காலம் அது. அதை ஒரு சாராரின் சாதனையாக மட்டும் சுருக்குவது அந்தக் காலத்துக்கே இழைக்கும் குறையாகும்.

இப்னு சீனாவின் ‘அல்-கானூன்’ முதல் பாகத்தில் சிறுநீரைப் பார்க்கும் முறை பற்றி ஒரு பகுதி வருகிறது. வாசிக்கும்போது இன்றைய ஆய்வுகூடமொன்றின் அறிவுறுத்தல் தாள் கையிலிருப்பது போலத் தோன்றும். காலையில் கழிக்கும் முதல் நீராக இருக்க வேண்டும்; அதை நெடுநேரம் அடக்கி வைத்திருக்கக் கூடாது; அதற்கு முன் உண்ணவோ குடிக்கவோ கூடாது; குங்குமப்பூ போன்று நிறமூட்டும் எதையும் சாப்பிட்டிருக்கக் கூடாது; கடும் உழைப்பு, நித்திரையின்மை, கோபம் ஆகியவைகூட நிறத்தை மாற்றும். பாத்திரம் தெளிவான கண்ணாடியாய், கழுவியதாய் இருக்க வேண்டும். அதன்பின் நிறம், செறிவு, தெளிவு, அடிமண்டி, அளவு, மணம், நுரை என்று ஏழு வகையாகப் பார்க்கச் சொல்கிறார். சிலர் தொட்டும் சுவைத்தும் பார்ப்பதுண்டு, அருவருப்பானவை என்பதால் அவற்றை நாம் விட்டுவிட்டோம் என்று போகிறபோக்கில் ஒரு குறிப்பும் இருக்கிறது.

இங்கே இப்னு சீனாவின் பெருமை எதிலிருக்கிறது என்று சரியாகச் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகத்தின் வேலையைப் பற்றி அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நிறமூட்டும் உணவும் கோபமும் பார்வையைக் கெடுக்கும், ஆகவே அவற்றை முதலில் விலக்கு என்று சொன்ன ஒழுங்கில்தான் அவரது பெருமை இருக்கிறது. கண்ணாடிக் குடுவைக்கு அரபியில் காரூரா என்று பெயர். யூனானி வைத்தியத்தில் அச்சொல் குடுவையிலுள்ள நீரையே குறிக்கலாயிற்று.

நம் தமிழ்ச் சித்த மரபிலும் இதற்கு இணையான ஒன்றுண்டு. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறையில், காலை நீரின் மேல் நல்லெண்ணெய்த் துளியொன்றை விட்டு அது பரவும் வடிவத்தைப் பார்ப்பார்கள். பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வட்டமிட்டால் பித்தம், முத்தாக நின்றால் கபம்.

ஐரோப்பாவில் இந்தக் குடுவையே வைத்தியனின் அடையாளச் சின்னமாயிற்று. பின்னர் அது கேலிக்குரியதாகவும் ஆயிற்று. நோயாளியைக் காணாமலே, வேலைக்காரன் கொண்டுவந்த குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நோயையும் ஆயுளையும் சொல்லும் போலிகள் பெருகினர். 1637இல் தோமஸ் பிரையன் என்பவர் இலண்டனில் இவர்களை மூத்திர தீர்க்கதரிசிகள் என்று தலைப்பிலேயே பழித்து ஒரு நூல் வெளியிட்டார். இப்னு சீனா வைத்த நிபந்தனைகளை விட்டுவிட்டுக் குடுவையை மட்டும் எடுத்துக்கொண்டதன் விளைவு அது.

அரபு வைத்தியர்கள் ஏன் சிறுநீரகத்தின் உள்ளே போகவில்லை? மனித உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லாததே காரணம் என்று சாதாரணமாகச் சொல்லப்படும். இது பாதி விடைதான். இத்தாலியில் மொந்தினோ 1315 அளவிலேயே மனித உடலை அறுத்துப் பாடம் நடத்தினார். ஆனால் சிறுநீரகத்தின் உள்ளமைப்பை மார்செல்லோ மல்பீகி எழுதியது 1666இல். இருவரும் ஒரே பொலோஞ்ஞா நகரத்தவர்கள். இடையில் முந்நூற்றைம்பது வருடங்கள் போயின. கத்தி இருந்தது, நுணுக்குக்காட்டி இல்லை. கண்ணுக்குத் தெரியாததைக் கத்தியால் அறுத்துப் பயனில்லை.

மல்பீகிக்குச் சற்று முன், 1662இல், பீசா நகரில் பத்தொன்பது வயது மாணவனான லொரென்சோ பெலினி, சிறுநீரகம் திண்ணிய சதையன்று, நுண்ணிய குழாய்களின் கட்டு என்று காட்டினான். அதை அழுத்தியபோது கசிந்த நீரை நாவில் வைத்து அதன் உப்புச் சுவையையும் உறுதி செய்தான். இப்னு சீனா விலக்கிய முறை இங்கே திரும்பி வந்ததைக் கவனிக்க. மல்பீகியோ மதுசாரம் கலந்த கருந்திரவத்தைச் சிறுநீரக நாடியில் செலுத்தி நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்தார். கிளையில் ஆப்பிள்கள் தொங்குவது போல, நாடியின் நுனிகளில் கறுத்த சிறு உருண்டைகள் தொங்கின. உருண்டைகளுக்கும் பெலினியின் குழாய்களுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். அதை நிரூபிக்க அவரால் முடியவில்லை. நூற்றெழுபத்தைந்து வருடங்களுக்கு யாராலும் முடியவில்லை.

1842ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் விந்தையானது. அவ்வருடம் இலண்டனில் வில்லியம் போமன் என்ற இருபத்தைந்து வயது இளைஞர், அந்த உருண்டை மயிர்த்துளைக் குழாய்களின் முடிச்சு என்றும், அதைச் சுற்றிக் கிண்ணம் போல் ஓர் உறை இருப்பதாகவும், அந்த உறையே குழாயாக நீள்வதாகவும் படங்களோடு நிறுவினார். அதே வருடம் ஜேர்மனியின் மார்புர்க்கில் கார்ல் லுட்விக், அவரும் 1816இல் பிறந்த இருபத்தைந்து வயதினர், வேறொரு கேள்விக்கு விடை தேடினார். அமைப்பு இருக்கட்டும், அது எப்படி இயங்குகிறது? இரத்த அழுத்தத்தால் அம்முடிச்சில் இரத்தத்தின் நீர்ப்பகுதி வடிகிறது, புரதம் மட்டும் பின்தங்குகிறது, குழாய் வழியே போகும்போது நீரின் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்துக்குள் உறிஞ்சப்படுகிறது, எஞ்சுவதே சிறுநீர் என்றார். போமன் இதற்கு மாறாக, முடிச்சு நீரைத் தருகிறது, குழாயின் சுவரே யூரியா முதலிய கழிவுகளைச் சுரக்கிறது, நீர் அவற்றைக் கழுவிச் செல்கிறது என்று எண்ணினார்.

எண்பது வருடங்கள் நீடித்த பிணக்கு அது. பிரெஸ்லோவில் ஹைடன்ஹைன் என்ற அறிஞர் லுட்விக்குக்கு எதிராகக் கணக்கொன்று போட்டார். ஒருவன் நாளொன்றுக்குக் கழிக்கும் யூரியா முழுவதும் வடிதலால் மட்டுமே வரவேண்டுமாயின், தினமும் சுமார் 70 லீற்றர் நீர் வடிந்து, அதில் இரண்டு லீற்றர் தவிர மற்றதெல்லாம் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். எந்த உடல் இப்படி வீண்வேலை செய்யும்? கணக்கு முறையானது, அதன் முடிவு நம்ப முடியாதது, ஆகவே லுட்விக் பிழை என்றார். கேலன் லைக்கஸை வீழ்த்தியதும் இத்தகைய ஒரு கணக்கால்தான். ஆனால் இம்முறை கணக்குப் போட்டவரே வீழ்ந்தார். உண்மையில் வடிவது 70 லீற்றர் அல்ல, 180 லீற்றர்!

அதைத் தீர்த்து வைத்தது ஒரு தவளை. தவளையின் சிறுநீரகம் தட்டையானது. உயிரோடிருக்கும்போதே அதன் முடிச்சுகளை நுணுக்குக்காட்டியில் காணலாம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரிச்சர்ட்ஸும் வேர்னும் தலைமயிரைவிட நுண்ணிய கண்ணாடிக் குழாயொன்றால் ஒரே ஒரு முடிச்சின் உறையைக் குத்தி, அதிலிருந்த நீரை உறிஞ்சியெடுத்தனர். 1924இல் முடிவை வெளியிட்டனர். அந்நீரில் புரதம் இல்லை. சீனியும் உப்பும் இருந்தன. அதே தவளையின் சலப்பை நீரில் சீனி இல்லை. முடிச்சில் வடிந்தது வழியில் திரும்ப எடுக்கப்பட்டிருக்கிறது. லுட்விக் சொன்னது சரி. ஆனால் போமனும் முழுக்கத் தோற்கவில்லை. அம்முடிச்சே இல்லாத சில கடல்மீன்களும் சிறுநீர் கழிப்பதை அடுத்த சில வருடங்களில் மார்ஷல் காட்டினார். குழாயின் சுவரும் சுரக்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று.

இன்று நம் பாடசாலைப் பிள்ளைகள் கலன்கோளம், போமனின் உறை, ஹென்லேயின் தடம் என்று படம் வரைந்து பெயர் குறிப்பது இந்தச் சண்டைகளின் எச்சத்தையே. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறுநீரகத்திகள். இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஐந்திலொரு பங்கு, நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல், 150 கிராம் மட்டில் நிறையுள்ள இவ்விரு உறுப்புகளுக்குப் போகிறது. உடலில் உள்ள இரத்தத்தின் நீர்ப்பகுதி மூன்று லீற்றர்தான். அது நாளொன்றுக்கு அறுபது தடவை வடிகட்டப்படுகிறது. கழிவைத் தேடிப் பிடித்து வெளியே எறியும் முறை இங்கில்லை. எல்லாவற்றையும் முதலில் வெளியே கொட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறது சிறுநீரகம். சீனி, உப்பு, நீர் என்று பொறுக்கி எடுத்தபின் எஞ்சியதை விட்டுவிடுகிறது. ஹைடன்ஹைனுக்கு வீண்வேலையாகத் தெரிந்ததன் பயன் இதுதான்: உடல் முன்பின் அறியாத ஒரு நஞ்சு வந்தாலும் அதைக் கழிக்க அதற்கென்று தனி ஏற்பாடு தேவையில்லை. திரும்ப எடுக்காமல் விட்டாலே போதும்.

வெட்டிய குண்டிக்காயில் நாம் காணும் உள்வரிகள் பெரும்பாலும் ஹென்லேயின் தடங்களும் அவற்றை ஒட்டிய குழாய்களுமே. நீரை இறுக்கிச் சேமிப்பது அங்கேதான். அச்சேமிப்புக்கும் ஓர் எல்லையுண்டு. நம்முடைய சிறுநீரகத்தால் உண்டாக்கக்கூடிய அதியுப்பான நீரைவிடக் கடல்நீர் உப்பானது. கடலில் திசை தவறிய தோணிக்காரன் சுற்றிலும் நீரிருக்கத் தாகத்தால் சாவது இதனால்தான். குடிக்கக் குடிக்க அவன் மேலும் வற்றிப் போவான்.

இது கெட்டுப்போகும்போது நேர்வதை முதலில் ஒழுங்காகச் சேர்த்துப் பார்த்தவர் இலண்டன் கைஸ் வைத்தியசாலையின் ரிச்சர்ட் பிரைட். உடல் வீங்கிய நோயாளியின் சிறுநீரைக் கரண்டியிலெடுத்து மெழுகுதிரிச் சுடரில் பிடித்தார். முட்டை வெண்கருபோல் அது உறைந்தது. இறந்தபின் அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் சுருங்கியோ சிதைந்தோ இருந்தது. வீக்கம், உறையும் சிறுநீர், கெட்ட சிறுநீரகம் ஆகிய மூன்றும் ஒரே நோய் என்று 1827இல் எழுதினார். காரூரா மரபு ஏழு வகையாகப் பார்த்தும் காணாததை ஒரு கரண்டியும் ஒரு சுடரும் காட்டின. ஆனால் பிரைட்டால் நோயைக் காட்ட முடிந்ததே தவிர, மாற்ற முடியவில்லை. அடுத்த நூறு வருடங்களுக்கும் நிலை அதுவே.

சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் செய்த கதை நாஸிகள் பிடித்திருந்த ஒல்லாந்தில் நிகழ்ந்தது. காம்பன் என்ற சிற்றூர் வைத்தியசாலையில் வில்லெம் கொல்ஃப், தொத்திறைச்சி அடைக்கும் செலோபேன் குழாயை மரச்சட்ட உருளையொன்றில் சுற்றி, உப்புநீர்த் தொட்டியில் அதைச் சுழலவிட்டு, நோயாளியின் இரத்தத்தை அதனூடே ஓடச் செய்தார். 1943 மார்ச்சில் தொடங்கி இரண்டு வருடங்களாகச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ எல்லோருமே இறந்தனர். 1945 செப்டெம்பரில் மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்ட 67 வயதுப் பெண்ணொருவர் கண்விழித்தார். இயந்திரத்தால் உயிர் பிழைத்தவர் என்று ஐயமின்றிச் சொல்லக்கூடிய முதல் மனிதர் அவர். அவர் நாஸிகளுக்கு உடந்தையாயிருந்ததற்காகச் சிறையிலிருந்தவர். ஊரார் அவருடைய சாவை விரும்பியிருப்பர். கொல்ஃப் அதைக் கணக்கிலெடுக்கவில்லை. அப்பெண் மேலும் ஏழு வருடங்கள் வாழ்ந்தார்.

1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்கிரிப்னர், கையில் நிரந்தரமாகப் பொருத்தும் குழாயை அமைத்ததும் ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்வது இயலக்கூடியதாயிற்று. உடனே புதியதொரு வினா எழுந்தது. இயந்திரம் சில, நோயாளி பலர். யாருக்குக் கொடுப்பது? ஏழு பேர் கொண்ட ஒரு குழு அதை முடிவு செய்தது. ஒரு மதகுரு, ஒரு வழக்கறிஞர், ஓர் இல்லத்தரசி, ஒரு வங்கியாளர் என்று பெயர் வெளியிடப்படாத மனிதர்கள், விண்ணப்பதாரியின் வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் தேவாலயத்துக்குப் போகும் பழக்கத்தையும் எடைபோட்டு, இவர் வாழட்டும், இவர் போகட்டும் என்று தீர்மானித்தார்கள். காம்பனில் ஒரு வைத்தியர் கேட்க மறுத்த கேள்வியைச் சியாட்டிலில் ஏழுபேர் உட்கார்ந்து கேட்டார்கள். 1972இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சையின் செலவை ஏற்கச் சட்டமியற்றும் வரை அந்நாட்டில் அக்கேள்வி தீரவில்லை. ஏழை நாடுகளில் அது பெயர் மாறிப் பணம் என்ற வடிவில் இருந்து வருகிறது.

நம் நாட்டில் 1990கள் முதல் மதவாச்சி, பதவியா போன்ற வடமத்திய மாகாணப் பிரதேசங்களில் விவசாயிகளைத் தாக்கிவரும் சிறுநீரக நோயைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இன்றி வருவது அது. வைத்திய உலகம் அதற்கு இட்ட பெயரிலேயே, காரணம் அறியப்படாதது என்ற சொல் சேர்ந்திருக்கிறது. கடின நீர், புளோரைட்டு, கட்மியம், ஆசனிக்கு, கிருமிநாசினி, வெயிலில் நீர் வற்ற உழைப்பது எனப் பல சந்தேகங்கள் சொல்லப்பட்டுள்ளன. எதுவும் முடிந்த முடிபாகவில்லை. நிக்கராகுவாவிலும் எல் சல்வடோரிலும் கரும்புத் தோட்டங்களில், ஆந்திராவின் உத்தானம் பகுதியில் இதையொத்த நோய் உழவரையே பிடிக்கிறது. இந்நோய் கலன்கோளத்தை விட்டுவிட்டுக் குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையுமே முதலில் அரிக்கிறது. ஆகவே நெடுங்காலம் சிறுநீரில் புரதம் பெரிதாக இறங்குவதில்லை. உடலும் வீங்குவதில்லை. பிரைட்டின் கரண்டியில் வைத்துக் காய்ச்சினால் அந்த நீர் தெளிவாகவே இருக்கும். காரூராவில் பார்த்தாலும் அப்படித்தான். வயலிலிருந்து வந்த மனிதன் களைப்பு என்று மட்டும் சொல்வான். இரத்தத்தைச் சோதிக்கும்போது பெரும்பாலும் இரண்டு சிறுநீரகங்களிலும் பாதிக்கு மேல் போயிருக்கும்.